முகம் மாறவில்லை என்றால் கோபம் என்று அர்த்தமில்லை

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது, பார்கின்சன் நோய். சமீபகாலமாக வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார். ஏதாவது கேட்டால் முகம் மாறாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எங்கள்மேல் கோபமா, சொல்வது புரியவில்லையா?

பதில்: இரண்டுமே இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மூளையில் உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிய அழிய, கைகால் போலவே முகத் தசைகளின் அசைவும் குறைந்துவிடும். பேரனைப் பார்த்து உள்ளுக்குள் பூரித்துப் போயிருப்பார், முகத்தில் தெரியாது. சந்தேகம் வந்தால் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

குரல் தணிந்துபோனது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. வழக்கம்போலப் பேசுவதாகத்தான் நினைப்பார். "என்ன? கேக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், உங்களுக்குத்தான் காது மந்தம் என்று எடுத்துக்கொள்வார். "மாமா, சத்தமா சொல்லுங்க" என்று சொல்லிப் பாருங்கள். தான் கத்துவதாக அவருக்குத் தோன்றும் அளவுதான் நமக்குச் சரியாகக் கேட்கும். 'எல்எஸ்விடி லவுட்' என்ற பயிற்சி இந்த அடிப்படையில் அமைந்ததுதான்: வாரம் 4 நாள், தினம் ஒரு மணி நேரம், 4 வாரம். மாத்திரை நடையைச் சரிசெய்யும் அளவுக்குப் பேச்சைச் சரிசெய்வதில்லை. அதனால் ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், யோசித்துப் பதில் சொல்லவும் அவருக்கு நேரம் பிடிக்கும். "இட்லியா தோசையா, காபி இப்பவே வேணுமா, குளிச்சாச்சா" என்று அடுக்கினால் முதல் கேள்வியிலேயே நின்றிருப்பார். "இட்லி போதுமா மாமா?" என்று ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று நோயாளியைக் கேட்பார். அவர் வாய் திறப்பதற்குள் வீட்டார் பதிலை முடித்துவிடுவார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். தொடர்ந்து இப்படியே நடந்தால் அவர் பேச முயல்வதையே விட்டுவிடக்கூடும்.

டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பேசுங்கள். பணம், சிகிச்சை போன்ற முக்கியமான பேச்சை மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். கவனம் பேச்சுக்குப் போனால் கால் தடுமாறி விழுந்துவிடலாம்.

சாப்பிடும்போது இருமலோ புரையேறுவதோ அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். விழுங்கும் தசைகளும் பலவீனமாகியிருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று பேச்சு குழம்பினால் சிறுநீர்த் தொற்று போன்ற காரணம் இருக்கக்கூடும். வாய் கோணல், ஒரு பக்கக் கைகால் பலவீனம், சட்டென்று குழறும் பேச்சு என்றால் பக்கவாதமாக இருக்கலாம், 108-ஐ உடனே அழையுங்கள்.