வெங்காயத்துக்கு 16, நமக்கு 46

கேள்வி: உருளைக்கிழங்குக்கு 48 குரோமோசோம், மனிதனுக்கு 46தான் என்று படித்துவிட்டு, "அப்போ உருளைக்கிழங்கு நம்மைவிட உசத்தியாம்மா?" என்கிறாள் உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள். எனக்கோ குரோமோசோம், ஜீனோம், மரபணு மூன்றுக்கும் வித்தியாசமே புரியவில்லை.
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி. எண்ணிக்கைக்கும் உசத்திக்கும் சம்பந்தமே இல்லை.

ஓர் உயிரின் டிஎன்ஏ முழுவதையும் சேர்த்துத்தான் ஜீனோம் என்கிறோம். அது ஒரே இழையாக இருப்பதில்லை, தனித்தனி இழைகளாகப் புரதங்களின் மேல் சுற்றிக்கொண்டு உயிரணுவின் உட்கருவுக்குள் இருக்கிறது, அந்த ஒவ்வோர் இழையும் ஒரு குரோமோசோம். மரபணு என்பது அந்த இழையில், ஒரு குறிப்பிட்ட வேலைக்கான தகவலைத் தாங்கும் ஒரு சிறு பகுதி. எம்ஆர்டியில் எத்தனை தடம் என்பது வேறு, தண்டவாளம் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்பது வேறு, எத்தனை நிலையம் என்பது வேறு இல்லையா, அப்படித்தான் குரோமோசோமும் ஜீனோமும் மரபணுவும்.

சரி, உருளைக்கிழங்குக்கு வருவோம். அதில் 12 குரோமோசோம் கொண்ட தொகுதி நான்கு முறை இருக்கிறது, அதனால் 48. நமக்கு 23 கொண்ட தொகுதி இரண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இதைவிட வியப்பானது தேக்கா சந்தையில் நாம் வாங்கும் வெங்காயம்! அதற்கு வெறும் 16தான், ஆனால் ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் (டிஎன்ஏ இழையின் அடிப்படை அலகுகளை இப்படிச் சொல்வார்கள்) கொண்ட நம் ஜீனோமைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு பெரிய ஜீனோம் அதனுடையது, அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ.

சிம்பன்சிக்கும் 48தான். நம் மூதாதையரில் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு நம்முடைய 2ஆம் குரோமோசோம் ஆனதால்தான் நமக்கு ஒரு ஜோடி குறைவு. மனிதனுக்கும் 48 என்றே பாடப்புத்தகங்கள் பல்லாண்டுகள் சொல்லிவந்தன, பக்கத்து ஜாவாவில் பிறந்த விஞ்ஞானி ஜோ ஹின் ஜியோ சுவீடனில் ஆல்பர்ட் லெவனுடன் சேர்ந்து 1956இல் 46 என்று வெளியிடும்வரை. இதை மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். உயிரினங்களை ஒப்பிட இந்த எண் உதவாது, ஆனால் ஒரே இனத்துக்குள் அது மாறினால் விளைவு பெரிது. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால்தான் டவுன் சிண்ட்ரோம் வருகிறது.