ஹெட் கேஸ்கெட் போய்விட்டது: வீட்டிலேயே மாற்ற முடியுமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் கொஞ்சம் பழையது, நான்கு சிலிண்டர். போன மாதம் நெடுந்தூரம் போகும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அதிலிருந்து கூலண்ட் குறைந்துகொண்டே இருக்கிறது, ஆனால் எங்கும் ஒழுகிய தடம் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் இன்ஜின் உதறி, வெள்ளைப் புகை தள்ளுகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஆயில், பிரேக் பேட் எல்லாம் நானே மாற்றிப் பழக்கம். இதையும் வீட்டில் செய்யலாமா? பழைய ஹெட் போல்ட்டையே திரும்பப் போடலாமா? ஹெட்டைக் கட்டாயம் பட்டறைக்குக் கொடுத்து ஃபேசிங் (முகத்தைச் சீவிச் சமன்) செய்ய வேண்டுமா?

பதில்: செய்யலாம். ஆனால் கேஸ்கெட் என்பது சிலிண்டர்கள் உள்ள பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு மெல்லிய தகடு. அதை வைக்க ஐந்து நிமிடம் போதும். அது ஏன் போனது என்று கண்டுபிடிப்பதும், அது உட்காரும் இரண்டு முகங்களைச் சரியாகத் தயார் செய்வதும்தான் உண்மையான வேலை. அந்த இரண்டையும் விட்டுவிட்டுப் புதுக் கேஸ்கெட் மட்டும் போட்டால், அது அதிக நாள் தாங்காது.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் சொல்வது எல்லாம் பொருந்தித்தான் வருகிறது. வண்டியை நிறுத்திய பிறகும் கூலிங் சிஸ்டத்தில் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் கூலண்ட் மெல்ல ஒரு சிலிண்டருக்குள் கசிந்து தேங்கிவிடும். காலை உதறலும் புகையும் அதனால்தான். இருந்தாலும் இவ்வளவு பெரிய வேலைக்கு ஊகம் போதாது. சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் கசிவதைக் காட்டும் ஒரு நீலத் திரவச் சோதனைக் கருவி கடைகளில் கிடைக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கூலண்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கருவியை ரேடியேட்டரின் திறப்பில் வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். மேலே வரும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் தொடவே கூடாது. கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும்.

ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும் செய்து பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் விழுந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் கூலண்ட் உள்ளே போயிருக்கிறது. அப்படியானால் வண்டியை இனி ஓட்டவே வேண்டாம். பேரிங்குகள் போய்விடும்.

அடுத்து, ஏன் சூடேறியது? தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டதா, ரேடியேட்டர் விசிறி ஓடவில்லையா, வாட்டர் பம்ப் தேய்ந்ததா, ரேடியேட்டர் அடைத்துக்கொண்டதா, சின்ன ஹோஸ் எங்காவது ஒழுகிக் கூலண்ட் ஏற்கெனவே குறைந்திருந்ததா? பிரிப்பதற்கு முன்பே பாருங்கள். எப்படியும் எல்லாம் கழன்று கிடக்கப் போகிறது, அதனால் தெர்மோஸ்டாட்டைப் புதிதாகவே போடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் பெல்ட், டென்ஷனர் இரண்டையும், பெல்ட் ஓட்டும் பம்ப் என்றால் அதையும் மாற்றிவிடுங்கள்.

சூடு ஏன் கேஸ்கெட்டைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் ஃபேசிங் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். பெரும்பாலும் ஹெட் அலுமினியம். பல இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்க, ஹெட் விரிய இடமில்லாமல் கேஸ்கெட்டை நசுக்கும், தானும் வளையும். ஆறும்போது நசுங்கிய இடத்தில் இடைவெளி நின்றுவிடும். பிளாக்கும் அலுமினியமாக இருந்தாலும் அதிகச் சூட்டில் ஹெட் வளையத்தான் செய்யும். ஆகவே சிவப்பைத் தொட்ட ஹெட்டை அளக்காமல் திரும்பப் போடவே கூடாது.

அளப்பதற்கு நேர்த்தியான ஸ்ட்ரெயிட் எட்ஜும் (துல்லியமான நேர்விளிம்புச் சட்டம்) ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேல் இதற்கு உதவாது. நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் என வைத்துப் பாருங்கள். எத்தனையோ இன்ஜின்களில் அனுமதி 0.05 மி.மீ. அளவுதான். உங்களுடைய எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பிளாக்கின் முகத்தையும் அதேபோல அளந்துவிடுங்கள். என் கருத்து: அளவு சரியாகவே வந்தாலும் ஹெட்டைப் பட்டறைக்குக் கொடுத்து விரிசல் சோதனை செய்துவிடுங்கள். வால்வு இருக்கைகளுக்கு நடுவே விழும் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஃபேசிங் தேவைப்பட்டால், உங்களுடையது பல அடுக்கு எஃகுத் தகட்டால் ஆன கேஸ்கெட் என்றால் அதைச் சொல்லிக் கொடுங்கள். அதற்குப் பழைய வகைக் கேஸ்கெட்டைவிட வழவழப்பான முகம் வேண்டும். எவ்வளவு சீவலாம் என்ற வரம்பும் மேனுவலில் உண்டு.

இனி பிரிப்பது. இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவதற்கு முன்பே பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிப் பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை இறக்குங்கள். கூலண்டை வடித்துப் பாத்திரத்தில் மூடி வையுங்கள். அது இனிக்கும், ஆனால் நஞ்சு. நாய், பூனை, குழந்தைகள் கிட்டே வரக் கூடாது. ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள், போல்ட்டுகளைக் கழற்றிய இடம் எழுதிய தனித்தனிக் கவரில் போடுங்கள். டைமிங் குறிகளை மேனுவல் சொல்லும் இடத்துக்குக் கொண்டுவந்த பிறகே பெல்ட்டையோ செயினையோ தொடுங்கள். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரே மூச்சில் கழற்றினால் ஹெட் வளையும். கழற்றிய ஹெட்டை மரக்கட்டைகள் மேல் வையுங்கள். கேம் ஷாஃப்ட் மாட்டியிருந்தால் சில வால்வுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேசைமேல் அப்படியே வைத்தால் அவை வளைந்துவிடும்.

சுத்தம் செய்வதில்தான் வீட்டில் செய்யும் வேலை பெரும்பாலும் கெடுகிறது. டிரில்லில் மாட்டித் தேய்க்கும் உராய்வு வட்டுகள் வேகமாக வேலை செய்வதுபோலத் தெரியும். ஆனால் அலுமினியத்தில் பள்ளம் விழும், உதிரும் துகள் ஆயிலோடு போய் பேரிங்குகளை அரைத்துவிடும். கேஸ்கெட் நீக்கும் திரவத்தைத் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுங்கள். சிலிண்டர்களிலும் ஆயில் துவாரங்களிலும் சுத்தமான துணியை அடைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளைக் காற்றால் ஊதிக் காய வையுங்கள். துளையின் அடியில் ஆயிலோ தண்ணீரோ தங்கினால் போல்ட் இறங்கும்போது அது நசுங்க வழியில்லாமல் பிளாக்கையே பிளக்கக்கூடும். அதோடு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச், போல்ட் இறுகிவிட்டதாகப் பொய் சொல்லும்.

போல்ட் கேள்விக்கு வருகிறேன். இன்றைய பல இன்ஜின்களில் ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போதே நிரந்தரமாக நீளும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒருமுறை நீண்டதை மறுபடி நீட்டினால் பிடிமானம் குறையும், அறுந்தும் போகலாம். மேனுவல் புதியது போடச் சொன்னால் புதியதுதான். இதில் மிச்சம் பிடிக்கவே வேண்டாம். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு. முதலில் 40 நியூட்டன் மீட்டர், அப்புறம் 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்கிற மாதிரிப் படிகள் இருக்கும். உங்கள் இன்ஜினின் எண்கள் வேறாக இருக்கலாம், மேனுவலைப் பார்த்தே செய்யுங்கள். டிகிரியைக் கண்ணளவில் பார்க்காமல் கோண கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டில் மேல் பக்கம் குறிக்கப்பட்டிருக்கும். மேனுவல் சொல்லாத இடத்தில் சீலண்ட் தடவாதீர்கள்.

ஹெட்டை இறக்கும்போது பிஸ்டன்கள் உச்சியில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்கை உச்சியிலிருந்து கால் சுற்று பின்னே திருப்பினால் நான்கும் நடுவில் நிற்கும். பிறகு மேனுவல்படி டைமிங்கைச் சேர்த்து, கிராங்கை ரெஞ்சால் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தட்டினால் நிறுத்திவிட்டு டைமிங்கைத் திரும்பப் பாருங்கள். ஸ்டார்ட்டரைத் தொட்ட பிறகு கண்டுபிடித்தால் வால்வுகள் போயிருக்கும்.

புது ஆயில், புது ஃபில்டர், சரியான கலவையில் கூலண்ட். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள், விசிறி ஓடும்வரை முள்ளை விட்டுக் கண்ணெடுக்காதீர்கள். பழைய ஆயிலில் கூலண்ட் கலந்திருந்தால், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள். முதல் சில நிமிடம் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், சைலன்சரில் தேங்கிய கூலண்ட் எரிந்து போகிறது. மறுநாள் குளிர்ந்த நிலையில் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். சில நாள் ஓட்டிய பிறகும் கூலண்ட் குறைந்தால், இன்னொரு கேஸ்கெட் வாங்குவதற்கு முன் நீலத் திரவச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அது மஞ்சளானால் ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பட்டறையில்தான் பார்க்க முடியும்.