அரசு வெளியிடும் சுகாதார அறிக்கைகளை நம்பலாமா? எதை வைத்து முடிவு செய்வது?

நம்பலாம். ஆனால் அறிவுரையை ஒரு மாதிரியும் எண்ணிக்கையை வேறு மாதிரியும் படிக்க வேண்டும். உங்கள் வீட்டில் இது சண்டையாகியிருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவிலும் ஆனது.

எங்கள் வீடு வடசென்னை ராயபுரம். 2020 கோடையில் கொரோனா என்றாலே எங்கள் மண்டலத்தின் பெயர்தான் அடிபட்டது. மாலையில் சுகாதாரத் துறையின் ஆங்கில அறிக்கை வந்ததும் தெரு வாட்ஸ்அப் குழுவில் நான்தான் தமிழில் எழுதிப் போடுவேன். பலர் மொத்தக் கணக்கோடு நிறுத்திவிடுவார்கள். விஷயம் கடைசிப் பக்கங்களில் இருந்தது. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி: பெயர் இருக்காது, வயது, சர்க்கரை, பிரஷர் மாதிரி கூட இருந்த நோய், சேர்த்த தேதி, இறந்த தேதி இருக்கும். எதிர் வீட்டுத் தாத்தா ஒரு தனியார் மருத்துவமனையில் இறந்தார். அவருக்கான பத்தி சில நாள் கழித்துதான் வந்தது. அவர் மகள் அதை என் போனில் இரண்டு விரலால் பெரிதாக்கி, தேதியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார். ‘இன்றைய இறப்பு’ என்றால் இன்று கணக்கில் ஏறிய இறப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் மாநகராட்சிப் பதிவேடும் மாநிலக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பேச்சு கிளம்பியது. அரசு ஒரு குழு போட்டுப் பார்த்து, ஜூலை 22 அன்று சென்னையில் விடுபட்ட 444 இறப்புகளைச் சேர்த்தார்கள். “பார்த்தியா, எல்லாம் பொய்” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். விடுபட்டதை எண்ணோடு வெளியே சொன்னதால்தான் நான் மேற்கொண்டு படித்தேன். ஜால்ரா என்று யாரும் கிளம்ப வேண்டாம். கேள்வி கேட்டதால்தான் திருத்தம் வந்தது, அதுவும் எனக்குத் தெரியும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல், தடுப்பூசி அட்டவணை மாதிரி விஷயங்களில் அரசு சொல்வதை அப்படியே செய்கிறேன். எண் குறைந்தால் யாருக்கு நல்ல பெயரோ, அவர்களே எண்ணும் இடத்தில்தான் நின்று பார்ப்பேன்.

அளவுகோலையும் பாருங்கள். மணலியில் காற்று ‘திருப்திகரம்’ என்று வரும். பிஎம் 2.5, அதாவது நுரையீரல் வரை போகும் நுண்துகள், ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இந்தியக் கணக்கில் திருப்திகரம்தான். உலக சுகாதார நிறுவனம் 24 மணி நேரத்துக்கு 2021 முதல் சொல்வது 15.

காற்று என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் வரிசை கட்டி நிற்கின்றன. பிள்ளைகள் அந்தப் புகைக்குள் புகுந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தச் சாலை ஓரத்திலேயே, பிள்ளைகள் மூச்சு விடும் உயரத்தில் ஒரு கருவி வைத்து அளந்து போடுங்கள், அதைப் படிக்கிறேன்.