மேக், உபுண்டு, விண்டோஸ்: ஊழியர் விருப்பத்துக்கு விடலாமா?

கேள்வி: மண்டபத்தில் நண்டு, இறால், கணவாய் வாங்கிப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிறோம். பிரைவேட் லிமிடெட் நிறுவனம். அலுவலகத்தில் ஒன்பது பேர். எல்லாமே பழைய விண்டோஸ் 10 கணினிகள், மாற்றியே ஆக வேண்டும். ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கும் தம்பி மேக் கேட்கிறார். தர ஆய்வில் இருக்கும் பெண் உபுண்டு போதும் என்கிறார். கணக்கு பார்க்கும் அக்கா விண்டோஸைத் தவிர வேறெதையும் தொட மாட்டாராம். அவரவருக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். நாள் முழுக்க கை வைத்து வேலை செய்பவருக்குத் தன் கருவியைத் தேர்ந்தெடுக்க உரிமை இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஐபிஎம் நிறுவனம் 2015-இல் தன் ஊழியர்களுக்கு மேக் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுத்தது. மேக் எடுத்தவர்களில் 5 சதவீதம் பேரே உதவி மையத்தை அழைத்தார்கள், விண்டோஸ்காரர்களில் அது 40 சதவீதம் என்று அந்த நிறுவனமே சொன்னது. இதை வைத்து மேக்தான் உயர்ந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். கேட்டு வாங்கியவர் சின்னச் சிக்கல் வந்தால் தானே தீர்த்துக்கொள்ளப் பார்ப்பார். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான உபுண்டுவைக் கேட்கும் பெண்ணையும் விசித்திரமாகப் பார்க்காதீர்கள். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அதில் கை பழகி வந்தவர்கள் நம் மாவட்டத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் “உனக்கு எது வேண்டும்” என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் அலுவலகத்தில் எந்த வேலை எந்த இயங்குதளத்தோடு கட்டுண்டு கிடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். ஐபிஎம்மில் இதைப் பார்க்கத் தனிப் பிரிவே உண்டு. உங்களிடம் யாரும் இல்லை.

முதல் கட்டு டேலி என்ற கணக்கு மென்பொருள். அது விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். இப்போது வரும் மேக்குகளில் இருப்பது இன்டெல் சிப் அல்ல, ஆப்பிளின் சொந்தச் சிப். அதனால் முன்பு போல மேக்கிலேயே தனியாக விண்டோஸ் நிறுவி, அதில் பூட் செய்யும் வழி இல்லை. மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கலாம். ஒன்பது பேர் அலுவலகத்துக்கு அந்தத் தொல்லை தேவையில்லை. ஆக, கணக்கு அக்கா கேட்பதும் டேலி கேட்பதும் ஒன்றே. அவருக்கு விண்டோஸ் 11 ப்ரோ வாங்குங்கள், ஹோம் வேண்டாம். ப்ரோ இருந்தால்தான் வேறு கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அந்த மெஷினுக்குள் வர முடியும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வரலாம், அவர் உள்ளே இருக்கும்போது அக்கா வேலை செய்ய முடியாது. அவசரத்துக்கு ஒரு பில்லைப் பார்க்க அது போதும்.

இரண்டாவது, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், அதாவது கையொப்பம் பதிந்த பென்டிரைவ் போன்ற சாதனம். நீங்கள் கம்பெனி என்பதால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் அந்தக் கையொப்பம் கட்டாயம். மேக்குக்கும் லினக்ஸுக்கும் டிரைவர் (சாதனத்தைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) தரும் டோக்கன்கள் உண்டு. ஆனால் டிரைவர், பிரவுசர், அரசுத் தளம் கேட்கும் கையொப்ப மென்பொருள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இயங்குதளம் ஒருமுறை அப்டேட் ஆனாலே இந்தச் சேர்க்கை உடையலாம், அதுவும் கடைசித் தேதி மாலையில். அதனால் அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் கணினியைக் கையொப்பத்துக்கு மட்டும் ஒதுக்கி, அதில் வேறெதையும் நிறுவாமல் வையுங்கள். டோக்கன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் இருக்க வேண்டும், மேசை டிராயரில் அல்ல.

மூன்றாவது, எக்செல் மேக்ரோ. தர ஆய்வுப் பெண் வெப்பநிலையும் எடையும் பதியும் ஷீட்டில் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) இருந்தால், உபுண்டுவில் எக்செலுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் அது சரியாக ஓடாமல் போகலாம். லேபிள் பிரிண்டருக்கும், வெப்பநிலையைத் தானே பதியும் டேட்டா லாகருக்கும் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கணினி ஒன்றில் உபுண்டுவைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, ஒரு வாரம் அவரை அந்த வேலைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஓடினால் கொடுத்துவிடுங்கள். பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய தமிழ்க் கோப்புகள் எந்த இயங்குதளத்திலும் எழுத்துருவை நிறுவினால் திறக்கும். புதியதை யூனிகோடில் அடியுங்கள். மற்றபடி மெயில், கேட்ச் சர்டிபிகேட் விண்ணப்பம், தூத்துக்குடி கிளியரிங் ஏஜெண்டுக்கு ஆவணம் அனுப்புவது எல்லாம் பிரவுசர் வேலை. ஆவணத் தம்பி தாராளமாக மேக்கில் செய்யலாம்.

நம் கரையில் இதைவிடப் பெரிய விஷயம் உப்புக் காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும். மின்விசிறி உள்ளே இழுக்கும் காற்றோடு உப்புத் துகள் மதர்போர்டில் படிந்து, ஈரம் சேர்ந்ததும் மின்கசிவும் அரிப்பும் தொடங்கும். 2020-க்குப் பிறகு வந்த மேக்புக் ஏரில் மின்விசிறியே கிடையாது, அந்த வகையில் அது நமக்கு நல்லது. ஆனால் அதன் ரேம், ஸ்டோரேஜ் எல்லாமே போர்டோடு ஒட்டியவை. போர்டு போனால் செலவு புதுக் கணினி விலையை நெருங்கும், உள்ளே இருந்த கோப்புகளையும் மறந்துவிட வேண்டியதுதான். பல விண்டோஸ் பிசினஸ் மாடல்களில் எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்றலாம், ராமநாதபுரம் கடையிலேயே வேலை முடியும். அரிப்பை வாரண்டி பொதுவாக ஏற்காது. எந்த பிராண்டானாலும் உங்கள் பின்கோடுக்கு ஆள் நேரில் வந்து பார்ப்பாரா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பழுதுக்கும் மதுரை போய் வர வேண்டும், அதுவரை அந்தக் கணினியில் இருப்பவர் வேலை நிற்கும். மேக் கேட்கும் தம்பியிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். சம்மதமென்றால் அவருக்கு மாற்றாக ஒரு பழைய கணினியை வைத்திருங்கள்.

வாங்குவது யார்? கட்டாயம் நிறுவனம்தான். “நீயே வாங்கு, பணம் தருகிறேன்” என்று ஆரம்பித்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் வாங்குபவர் பட்டியலும் விலைப்பட்டியலும் அவர் கணினியிலேயே போய்விடும். பில் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில் இருந்தால் கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானமும் உண்டு. ஒரு தொகையை உச்சவரம்பாக வைத்து, நீங்களே பார்த்த நான்கு மாடல்களைக் காட்டி அதில் எடுக்கச் சொல்லுங்கள். மேக் உச்சவரம்பைத் தாண்டினால் மீதியை ஊழியரிடம் வாங்காதீர்கள். கணினி யாருடையது என்ற வழக்கு அங்கேதான் பிறக்கும்.

கொடுக்கும் அன்றே டிஸ்கை என்கிரிப்ட் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுங்கள்: மேக்கில் ஃபைல்வால்ட், விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர், உபுண்டுவில் நிறுவும்போதே கேட்கும். மீட்புச் சாவி உங்களிடம் இருக்கட்டும். கோப்புகள் நிறுவனத்தின் கிளவுட் கணக்கில்தான் இருக்க வேண்டும், அவரவர் ஜிமெயிலில் அல்ல.

விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது, ஆகவே அதிகம் தள்ளிப்போட வேண்டாம். ஆனாலும் ஒன்பதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கணக்கு, கையொப்பக் கணினிகள் இரண்டையும் உடனே மாற்றுங்கள். மற்றவற்றை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மாற்றலாம். விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த நாட்களில் ஆவண வேலையும் குறைவாக இருக்கும், ஒரு டிரைவர் ஓடவில்லை என்றாலும் கண்டெய்னர் நிற்காது. தம்பிக்கு மாற்றாக வைத்ததைத் தவிர மற்ற பழைய கணினிகளை அடுத்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் வரை அப்படியே வைத்திருந்து, அப்புறம் டிஸ்கை முழுதாக அழித்துவிட்டு விற்றுவிடுங்கள்.