திடல் ஓரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை வைத்திருக்கிறேன். மலேசியா விளையாடும் இரவுகளில் தோட்டத்து ஆட்கள், கம்பத்து நண்பர்கள் எல்லாரும் கடை டிவி முன்னால் கூடிவிடுவார்கள். வெளிநாட்டில் பிறந்து, குடியுரிமை வாங்கி மலேசியாவுக்கு ஆடிய ஏழு காற்பந்து ஆட்டக்காரர்களை உலகக் காற்பந்துச் சங்கமான ஃபிஃபா தடை செய்த விவகாரத்துக்குப் பிறகு ஆட்டத்தைவிடச் சண்டைதான் அதிகம். போன தடவை ஒருவர், "எங்கம்மா சிவப்பு ஐசியோடயே செத்துப்போனாங்க, இவனுங்களுக்கு மட்டும் உடனே குடியுரிமையா?" என்று கத்தினார். (சிவப்பு ஐசி என்றால் குடியுரிமை கிடைக்காத நிரந்தரவாசியின் அடையாள அட்டை.) இன்னொருவர் கட்சியை இழுத்தார். கடைசியில் அது இனத்தில் போய் நின்றது. வழக்கமாக வரும் இரண்டு மலாய் நண்பர்கள் தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். 'இங்கே அரசியல் பேசக்கூடாது' என்று போர்டு மாட்டிவிடலாமா?

பதில்: மாட்டாதீர்கள், தம்பி. மாட்டினால் முதலில் வாயை மூடிக்கொள்ளப்போவது அந்த அம்மாவின் மகன்தான். கட்சிக்காரர் எப்படியும் பேசுவார்.

அந்த மகன் கேட்டதில் என்ன தப்பு? குடியுரிமைக்கு மனுப் போடுபவர் 12 ஆண்டில் 10 ஆண்டாவது இங்கே இருந்திருக்க வேண்டும், மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். பால்மரம் வெட்டியே ஆயுளைக் கழித்த எத்தனையோ பேர் அந்தக் கணக்கையெல்லாம் தாண்டியும் சிவப்பு ஐசியோடு போய்ச் சேர்ந்தார்கள். 2025 செப்டம்பரில் தடை போட்ட ஃபிஃபா, அக்டோபரில் அதற்குக் காரணமாக என்ன சொன்னது? அந்த ஏழு பேரின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய பத்திரங்கள் பொய். அசல் பதிவுகளில் ஸ்பெயின், அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து என்றுதான் இருக்கிறது என்றது. தாத்தா பாட்டி இங்கேயே மாண்டு மண்ணான குடும்பத்துப் பிள்ளைக்கு இதைக் கேட்டால் வயிறு எரியாதா?

காற்பந்தில் அரசியலைக் கலக்காதே என்பவர்களுக்கு 1980 மறந்துவிட்டது. மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். கோல் காவலில் நம் ஆறுமுகம், வெற்றி கோல் அடித்தது ஜேம்ஸ் வோங். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றாயிற்று. ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து நம் நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, குழு விமானமே ஏறவில்லை. நான் தோட்டத்துத் திடல்களில் விசில் ஊதிய காலத்தில் பெரியவர்கள் இந்தப் பேச்சை எடுத்தால் லேசில் விடமாட்டார்கள்.

ஆகவே மந்திரியை, சங்கத்தை, கட்சியை எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கட்டும். பக்கத்து மேசைக்காரனின் பிறப்பைத் தொட்டால் மட்டும் அந்த நிமிடமே நிறுத்துங்கள். கடன் நோட்டில் பெரிய கணக்கு வைத்திருப்பவராக இருந்தாலும் சரி.

நிறுத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்துக் கத்தினால் இரண்டு பக்கமும் உங்கள் மேல்தான் பாயும். திடலில் நடுவருக்கு நடப்பதும் இதுதான். நேரே அந்த ஆளிடம் போய், பக்கத்தில் நின்று, "அண்ணே, கொஞ்சம் வெளியே வாங்க, ஒரு விஷயம்" என்று மெதுவாகக் கூப்பிடுங்கள். மோட்டார்கள் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டால், பார்க்க ஆளில்லாததால் குரல் தானாக இறங்கும். "இன்னொரு தடவை இனத்தை இழுத்தா மிச்ச ஆட்டத்தை வீட்டுல போய்ப் பாருங்க" என்று அங்கே வைத்துச் சொல்லுங்கள். சொன்னால் செய்ய வேண்டும், அவர் உங்கள் மச்சானாகவே இருந்தாலும். ஆளுக்கொரு நியாயம் வைத்தால் அடுத்த ஆட்டத்துக்குள் கடை இரண்டாகிவிடும்.

அப்புறம், ஆட்டம் ஓடும்போது விவாதம் வேண்டாம். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அந்த மகனை முழுசாகப் பேச விடுங்கள். குறுக்கே யாராவது கட்சிக்கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தால் கைகாட்டி நிறுத்துங்கள்.

எழுந்து போன நண்பர்களைத் திரும்ப அழைத்து வருவது உங்கள் பொறுப்பு. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டால் போதாது. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் கம்பத்துக்கு நேரில் போங்கள். முடிந்தால் திட்டியவரையும் மோட்டாரில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் தனியாகவாவது போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்த அம்மாவின் சிவப்பு ஐசி கதையை அவர்களிடமும் சொல்லுங்கள். இத்தனை நாள் ஒரே மேசையில் உட்கார்ந்தும் அவர்களுக்கு அது தெரியாமலே இருந்திருக்கலாம்.