24 வயதில் வெள்ளெழுத்தா?

கேள்வி: எனக்கு வயது 24. கிட்டே உள்ளதைத் தெளிவாகப் பார்க்கக் கண் குவியும் திறனை ஓரிடத்தில் அளந்து 11 டையாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) என்றார்கள். இன்னோரிடத்தில் 8.5. போன் செயலியில் 7. என் வயதுக்கு 9-க்குக் கீழே போகக் கூடாது என்று இணையத்தில் இருக்கிறது. படித்தால் கண் அசதியாகிறது, சில சமயம் இமை துடிக்கிறது. தூக்கம் வருவதற்காக அலர்ஜி மாத்திரை வாங்கிப் போடுகிறேன். வெள்ளெழுத்துக்கு வரும் சொட்டு மருந்தையும் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு வெள்ளெழுத்து, அதாவது வயதாகும்போது கிட்டே இருப்பது மங்கும் குறை, இல்லை. 100-ஐச் சென்டிமீட்டர் தூரத்தால் வகுத்தால் டையாப்டர் கிடைக்கும்; புத்தகத்தை 40 சென்டிமீட்டரில் வைத்துப் படிக்க 2.5 டையாப்டர் போதும். உங்கள் மூன்று எண்களில் ஆகக் குறைந்ததுகூட அதைவிட இரு மடங்குக்கு மேல்.

எண்கள் ஏன் மாறுகின்றன? முதல் இடத்தில் அளவுகோலில் சின்ன எழுத்தைக் கண்ணருகே நகர்த்தி, மங்கும்போது சொல்லச் சொல்லியிருப்பார்கள். கிட்டே வர வர எழுத்து பெரிதாகத் தெரியும். மங்கிய பிறகும் படிக்க முடிவதால் நாம் சற்றுத் தாமதமாகத்தான் சொல்வோம். அதனால் எண் கூடும். எழுத்து 9 சென்டிமீட்டரில் மங்கினால் 11 டையாப்டர், 10-ல் மங்கினால் 10. ஆக, ஒரு சென்டிமீட்டர் தவறினாலே ஒரு டையாப்டர் போய்விடும். இரண்டாவது இடத்தில் எழுத்தை அசைக்காமல் மைனஸ் லென்ஸ்களை ஒவ்வொன்றாக ஏற்றியிருப்பார்கள். அவை எழுத்தைச் சிறிதாக்கிக் காட்டும், எண் குறையும். ஒரே கண்ணில் ஒரே நாளில் அளந்தாலும் இந்த இரண்டு வழிமுறைகளுக்கும் இடையே 2 டையாப்டர் வித்தியாசம் வருவது சாதாரணம். நோயாளியின் பதிலை நம்பாமல் கருவியால் நேரடியாக அளந்தால் இன்னும் குறைவாகவே வரும். அதைப் பார்த்தும் பயந்துவிடாதீர்கள்.

நீங்கள் படித்த அந்த 9, 15-லிருந்து வயதின் கால் பங்கைக் கழிக்கும் பழைய கணக்கு. பெரும்பாலும் எழுத்தை நகர்த்தி அளந்த எண்களிலிருந்து வந்தது. மைனஸ் லென்ஸ் எண்ணைக் கொண்டுபோய் அதில் பொருத்தினால் ஆரோக்கியமான கண்ணும் குறையுள்ளதாகத்தான் தெரியும். போன் செயலியை அழித்துவிடுங்கள். திரை வெளிச்சத்தில் கண் பாப்பா சுருங்குவதே அளவை மாற்றிவிடும்.

இமை துடிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று கிட்டே உள்ளவை மங்கி, அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, பொருட்கள் இரண்டாகத் தெரிந்தாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கூடவே கடும் தலைவலி இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மூளையின் ரத்தக்குழாயில் வீக்கம் ஏற்பட்டு, கண்ணுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். இப்படி யாராவது வந்தால் நாங்கள் குவியும் திறனை அளந்துகொண்டு உட்கார மாட்டோம். உடனே ஸ்கேனுக்கு அனுப்புவோம். உங்கள் கடிதத்தில் இந்த அறிகுறி எதுவும் இல்லை.

சொட்டு மருந்துக்கு வருகிறேன். அது பாப்பாவைச் சுருக்கி வேலை செய்வது. புருவத்தில் வலி வரும், இருட்டில் பார்வை குறையும், அரிதாக விழித்திரை கிழியவும் வாய்ப்புண்டு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கே விழித்திரையைச் சோதித்த பிறகுதான் தருகிறோம். 24 வயதில் உங்களுக்கு எதற்கு?

எனக்குச் சந்தேகம் அந்த அலர்ஜி மாத்திரை மேல்தான். தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகள் கண்ணை உலர்த்தும், குவிக்கும் தசையையும் மந்தமாக்கும். யாரும் எழுதித் தராமல் போடுகிறீர்கள், நிறுத்துங்கள். தூக்கம் வராததற்கு ஒரு மருத்துவரைத் தனியே பாருங்கள். இரண்டு வாரம் கழித்தும் அசதி இருந்தால், முதலில் அளந்த இடத்துக்கே போய் அதே முறையில், இரண்டு கண்ணையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் தூரப் பார்வைக்குக் கண்ணாடி தேவையா என்றும் பார்க்கட்டும். மறைந்திருக்கும் சிறிய பிளஸ் பவர், அதாவது தெளிவாகப் பார்க்கக் கண் எப்போதும் கூடுதலாகக் குவிய வேண்டிய குறை, இருந்தாலும் எண் குறையும், படிக்கும்போது இதே அசதியும் வரும்.