டாஷ்போர்டு இருக்கிறது, திறப்பவர்தான் இல்லை

கேள்வி: விவசாய மோட்டார் பம்ப் விற்கும் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவைக் கவனிக்கிறேன். எங்கள் டீமில் ஒன்பது பேர். ஸோஹோ சிஆர்எம் (வாடிக்கையாளர், விற்பனை விவரங்களைப் பதிந்துவைக்கும் சாஃப்ட்வேர்) வந்து ஒரு வருடம் ஆகிறது. முதலாளி கேட்டாரே என்று பதினாறு சார்ட்டை ஒரே திரையில் காட்டும் ஒரு டாஷ்போர்டு செய்து கொடுத்தேன். முதல் வாரம் பார்த்தார். இப்போது திங்கட்கிழமை காலையானால் பழையபடி எக்செல் ஷீட்தான் கேட்கிறார். எங்கே தவறு?
– வாசகர், கோவை

பதில்: அந்த எக்செல் ஷீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், உங்களுக்கான பதில் அதிலேயே இருக்கிறது. முதலாளி எந்த நெடுவரிசையை முதலில் பார்க்கிறார், எந்த வரியில் விரலை வைத்து “இது என்னாச்சு?” என்று கேட்கிறார், அதுதான் உங்கள் முதல் ரிப்போர்ட். பதினாறு சார்ட்டும் வேண்டாம், நாலைந்து போதும்.

என்னைக் கேட்டால், முதலில் செய்ய வேண்டியது தேதி தாண்டிய டீல்களின், அதாவது சொன்ன தேதிக்குள் முடியாமல் பேச்சிலேயே இருக்கும் விற்பனைகளின் ரிப்போர்ட். டீல்ஸ் மாட்யூலில் (டீல்களைப் பதியும் பகுதி) சம்மரி ரிப்போர்ட், அதாவது வகைவாரியாகப் பிரித்துக் கூட்டிக் காட்டும் ரிப்போர்ட் ஒன்று எடுங்கள். க்ளோசிங் டேட் (டீல் முடியும் என்று போட்ட தேதி) இன்றைக்கு முந்தியதாக இருக்க வேண்டும், ஸ்டேஜ் (டீல் இருக்கும் கட்டம்) க்ளோஸ்டு வொன் (விற்றாகிவிட்டது), க்ளோஸ்டு லாஸ்ட் (கைவிட்டுப் போனது) போன்ற முடிந்த கட்டங்களாக இல்லாமல் இருக்க வேண்டும், இவ்வளவுதான் ஃபில்டர். டீல் ஓனர் (அந்த டீலைக் கவனிக்கும் விற்பனையாளர்) வாரியாகப் பிரித்து, தொகையைக் கூட்டச் சொல்லுங்கள். மார்ச் 12-இல் முடியும் என்று போட்ட ஒரு பொள்ளாச்சி டீல் ஜூன் மாதத்திலும் கொட்டேஷன் ஸ்டேஜிலேயே உட்கார்ந்திருப்பது அதில் பளிச்சென்று தெரியும். அந்த டீலைக் கவனிக்கும் பையனைக் கூப்பிட்டுக் கேட்டால், “சார், அவருக்கு இன்னும் கரண்ட் கனெக்‌ஷன் வரலை, வந்ததும் நம்மகிட்டதான் வாங்குவார்” என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும், ஆனால் அந்த உண்மை சிஆர்எம்மில் எங்கேயும் பதிவாகவில்லையே! அப்புறம் என்ன, “எதற்காகக் காத்திருக்கிறது” என்று ஒரு பிக்லிஸ்ட் ஃபீல்டு (கொடுத்த பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டம்) சேருங்கள். மின் இணைப்பு, வங்கிக் கடன், போர்வெல் வேலை, விலை பேசுவது என்று நாலு பதில் இருந்தால் போதும். அடுத்த மாதம் அதே ரிப்போர்ட்டை அந்த ஃபீல்டை வைத்துப் பிரித்துப் பாருங்கள், எந்த வாடிக்கையாளருக்கு இப்போது போன் செய்வது, யாரை அறுவடை முடியும்வரை விட்டுவைப்பது என்று முதலாளியே முடிவெடுப்பார். திங்கட்கிழமை காலையில் அவருக்கு மெயிலில் தானாகப் போகும்படி ஷெட்யூல் செய்துவிடுங்கள், அவர் டாஷ்போர்டைத் தேடி வரவேண்டிய அவசியமே இருக்காது.

இன்னொன்று, லீட் சோர்ஸ் (வாங்க விசாரித்தவர், அதாவது லீட், எந்த வழியாக வந்தார் என்பது) சார்ட்டை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பாதிக்கு மேல் லீட்களில் சோர்ஸ் காலியாகவே கிடந்தது. மீதி இருந்ததை வைத்து வரைந்த சார்ட்டை நம்பி விளம்பரப் பணத்தை ஒரே பக்கம் கொட்டினார்கள், எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. அந்த ஃபீல்டைக் கட்டாயமாக்கி மூன்று மாதம் போகட்டும், பிறகு வரையலாம்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் இருப்பது சேல்ஸ்ஃபோர்ஸ், அதுவும் ஒரு சிஆர்எம் சாஃப்ட்வேர். டாஷ்போர்டில் மொத்தம் 42 லட்சம் என்று இருக்கிறது, அதே சார்ட்டைக் க்ளிக் செய்து ரிப்போர்ட்டுக்குள் போனால் 31 லட்சம்தான் வருகிறது. சாஃப்ட்வேரில் கோளாறா?
– வாசகி, சென்னை

பதில்: கோளாறு இல்லை. டாஷ்போர்டை யாருடைய கண் வழியாகக் காட்டுவது என்று அதைச் செய்தவர் ஒரு செட்டிங் வைத்திருப்பார். உங்கள் மேனேஜரின் பெயரை வைத்திருந்தால், அவருக்கு எந்தெந்த டீல் தெரியுமோ அத்தனையும் சேர்ந்த கூட்டல்தான் உங்களுக்கும் தெரியும். உள்ளே ரிப்போர்ட்டைத் திறந்ததும் அது உங்கள் அனுமதிப்படி ஓடும், உங்களுக்குக் காட்டப்படாத டீல்கள் கழிந்துவிடும். பார்ப்பவரின் அனுமதிப்படியே காட்டும்படி அதை மாற்ற முடியும், அட்மினிடம் கேளுங்கள். கூடவே மேலே இருக்கும் நேரத்தையும் பாருங்கள். டாஷ்போர்டு கடைசியாக ரெஃப்ரெஷ் ஆனபோது இருந்த எண்ணைத்தான் காட்டும், ரிப்போர்ட்டோ திறக்கும்போது இருக்கும் எண்ணைக் காட்டும்.

கேள்வி: எங்கள் கன்வெர்ஷன் (விசாரித்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள்) சதவீதம் ஒரு மாதம் 10, அடுத்த மாதம் 30 என்று குதிக்கிறது. எதை நம்புவது?
– வாசகர், மதுரை

பதில்: ஜூலையில் முடிந்த விற்பனையை ஜூலையில் வந்த என்கொயரியால் வகுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜூலையில் பணம் கட்டியவர் மே மாதம் விசாரித்தவராக இருப்பார், ஆகவே மேலே ஒரு கூட்டம், கீழே வேறொரு கூட்டம். உதாரணத்துக்கு, மே மாதம் 80 பேர் விசாரித்து அதில் 16 பேர் எப்போது வாங்கியிருந்தாலும் சரி, மே மாதக் கணக்கு 20 சதவீதம். அதாவது, லீட் உருவான மாதத்தை வைத்துப் பிரியுங்கள், முடிந்த மாதத்தை வைத்து வேண்டாம். கடைசி இரண்டு மாதத்தின் எண் எப்போதும் குறைவாகவே தெரியும், அந்த லீட்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதைப் பார்த்து டீமைத் திட்டிவிடாதீர்கள்.